முட்டைக்கு டார்ச், எலிக்குச் சாயம்

பாலக்கோட்டில் என் அத்தை கோழியை அடை வைத்தால், ஏழாம் நாள் ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு டார்ச்சை எடுப்பார். முட்டையின் மழுங்கின பக்கத்தை அதன் மேல் பொருத்துவார். ஓடு ஆரஞ்சாகப் பொங்கும். உள்ளே ஒரு கறுப்புப் புள்ளி, சுற்றிலும் சிலந்தி கால் விரித்ததுபோல் ரத்த நாளங்கள். "கரு கூடியிருக்கு, வை" என்பார். எதுவுமே தெரியாவிட்டால் கூமுட்டை.

அதே டார்ச்சை உள்ளங்கையில் அழுத்தினால் விரலிடுக்கு சிவக்கிறது, எலும்பு தெரிவதில்லை. சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின்: நீலத்தையும் பச்சையையும் அது விழுங்கிவிட, சிவப்பு தப்பி வருகிறது. எலும்பு மறைவது வேறு சங்கதி. சதைக்குள் போன ஒளி செல்லிலும் கொழுப்பிலும் நாரிலும் மோதி மோதித் திசை மாறுகிறது. டம்ளர் பாலுக்குள் போட்ட காசு தெரியாது அல்லவா? பால் ஒளியை விழுங்குவதில்லை, சிதறடிக்கிறது. உடம்பும் கிட்டத்தட்ட பால்தான்.

அலைநீளம் கூடக் கூடச் சிதறல் குறையும். 700 முதல் 900 நானோமீட்டர் வரை, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பில், ரத்தமும் அதிகம் விழுங்காது, தண்ணீரும் இன்னும் தொல்லை தராது. ஆனால் வெளியிலிருந்து அடிக்கும் ஒளி தோலிலேயே பாதி திரும்பிவிடுமே? அதனால் உயிரோடிருக்கும் எலியின் உடம்புக்குள் பார்க்க விரும்பும் ஆய்வாளர்கள் விளக்கையே உள்ளே வைக்கிறார்கள். இண்டோசயனின் கிரீன் என்ற சாயம்; மனிதருக்குச் செலுத்த அமெரிக்காவில் 1959-லேயே அனுமதி பெற்றது. எலியின் வாலிலுள்ள ரத்த நாளத்தில் அதை ஊசியாகப் போட்டு 780 நானோமீட்டர் ஒளியைக் காட்டினால், சாயம் 820-க்குப் பக்கத்தில் திருப்பி உமிழும். காட்டிய ஒளியை ஃபில்டர் தடுத்துவிட, கேமராவுக்குச் சாயம் மட்டுமே தெரியும். சில நிமிடங்களில் கல்லீரல் ஒளிர்கிறது, பிறகு பித்தத்தோடு இறங்கிக் குடல். எலியை அறுக்கவே வேண்டாம்.

2009-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஹாங்ஜி டாய் என்ற வேதியியலாளரின் குழு, சாயத்துக்குப் பதிலாகக் கார்பன் நானோகுழாய்களை, அதாவது சாயம்போலவே ஒளிரும் மிக நுண்ணிய கார்பன் குழல்களை, எலிக்குள் செலுத்தி, 1000 நானோமீட்டருக்கு அப்பால் படமெடுத்தது. ரத்த நாளங்கள் இன்னும் துல்லியமாக விழுந்தன. அந்த அலைநீளத்தில் சாதாரண சிலிக்கன் கேமராவுக்குக் கண் தெரியாது, விலை கூடிய இண்டியம் கேலியம் ஆர்சனைடு சென்சார் வேண்டும். 1450-ஐ நெருங்கினால் தண்ணீரே ஒளியைக் குடித்துவிடும். எப்படியானாலும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் படம் கலங்கும். எலிக்குப் போதும், ஆட்டுக்குப் போதாது.

எனக்குப் பிடித்த வில்லங்கம் ஒன்று உண்டு. சாயமே போடாத எலியின் வயிறும் சில சமயம் ஒளிரும். ஆய்வக எலித் தீவனத்தில் பெரும்பாலும் ஆல்ஃபால்ஃபா கலந்திருக்கும், நம் பக்கம் மாட்டுக்குப் போடும் அதே குதிரைமசால். அதிலுள்ள பச்சையம் குடலுக்குள் சிவந்து மினுக்குகிறது. தீவனத்தை மாற்றினால்தான் வயிறு அணையும்.