ஓர் இணைப்பின் எடை என்ன?

சின்னதாக ஒரு வலைப்பூ தொடங்கி, பத்துப் பதினைந்து கட்டுரை எழுதிவிட்டு, தேடுபொறியில் அதன் பெயரையே தேடிப் பார்த்துச் சோர்ந்துபோனவர்கள் நிறையப் பேர். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "பேக்லிங்க் இல்லை, அதான்." வேறொரு தளம் நம் பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்புதான் பேக்லிங்க். சரி, அதை எங்கே பிடிப்பது என்று தேடினால் ஒரே நாளில் ஐந்நூறு இணைப்பு தருவதாகக் கடை விரித்திருப்பார்கள். காசில்லாதவர்கள் கண்ணில் படுகிற பின்னூட்டப் பெட்டியிலெல்லாம் தங்கள் முகவரியை ஒட்டிவிட்டு வருவார்கள். இரண்டுமே ஏன் பெரும்பாலும் வீண் என்பதற்கான காரணம், தேடுபொறி போடும் கணக்கிலேயே இருக்கிறது. பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. பேனாவும் தாளும் போதும்.

1996-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஒரு தேடுபொறியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முதலில் வைத்த பெயர் 'பேக்ரப்'. பேக்லிங்க்குகளை அலசியதால் வந்த பெயர் அது. கூகுள் என்று மாறியது அப்புறம்தான். இதன் வேர் ஆய்வுலகில் இருக்கிறது. எந்த ஆய்வுக் கட்டுரையை எந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று யூஜின் கார்ஃபீல்டு 1960-களிலேயே அட்டவணை போட்டு வெளியிடத் தொடங்கியிருந்தார். இணைப்பும் ஒருவகை மேற்கோள்தானே! ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், ஆளில்லாத ஆயிரம் பக்கங்களை ஒருவரே உருவாக்கித் தனக்குத் தானே இணைப்பு கொடுத்துக்கொள்வார். கொடுப்பவருக்கு எவ்வளவு மதிப்பு என்றும் பார்க்க வேண்டும். அந்த மதிப்பு எங்கிருந்து வரும்? அவருக்கு இணைப்பு கொடுத்தவர்களிடமிருந்து. அவர்களுக்கு? கோழி முதலா முட்டை முதலா கதைதான்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி வேடிக்கையானது. எல்லோருக்கும் சமமாகக் கொடுத்துத் தொடங்கு, பிறகு சுற்றில் விடு. அ, ஆ, இ என்று மூன்று பக்கங்கள். அ, மற்ற இரண்டுக்கும் இணைப்பு கொடுக்கிறது. ஆ, இ-க்கு மட்டும். இ, அ-வுக்கு மட்டும். மூன்றின் கையிலும் ஆளுக்கு 100 புள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் கையில் இருப்பதை, தான் இணைப்பு கொடுத்தவர்களுக்குச் சமமாகப் பங்கு போட்டுவிட வேண்டும். முதல் சுற்று முடிந்ததும் அ 100, ஆ 50, இ 150. அடுத்த சுற்றில் 150, 50, 100. அதற்கடுத்து 100, 75, 125. கொஞ்ச நேரம் ஊசலாடிவிட்டு 120, 60, 120 என்று நின்றுவிடும். அதன்பின் எத்தனை சுற்று ஓட்டினாலும் நகராது.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். அ-வுக்கு வரும் இணைப்பு ஒன்றே ஒன்று. ஆ-வுக்கும் ஒன்றுதான். ஆனாலும் அ-வுக்கு 120, ஆ-வுக்கு அதில் பாதி. இ-க்கோ இரண்டு இணைப்பு, ஆனால் ஒற்றை இணைப்புள்ள அ-வை அது மிஞ்சவில்லை. அ-வுக்குக் கொடுத்த இ, தன் கையில் இருந்ததை வேறு யாரோடும் பங்கு போடாமல் கொடுத்தது; காரணம் அவ்வளவுதான். கொடுப்பவர் கையில் எவ்வளவு இருக்கிறது, அதை எத்தனை பேருக்குப் பிரிக்கிறார் என்ற இரண்டும் சேர்ந்ததுதான் இணைப்பின் எடை.

பேஜும் பிரின்னும் போட்ட இந்தக் கணக்கின் பெயர் பேஜ்ரேங்க். உண்மையான பேஜ்ரேங்க் கணக்கில் இன்னொரு சங்கதி உண்டு. வாசகர் எப்போதும் இணைப்பைப் பிடித்துக்கொண்டே போவதில்லை. சலித்துப்போய் வேறெங்கோ தாவிவிடுவார். அதனால் 85 சதவீதம் இணைப்பு வழியாகவும், 15 சதவீதம் எல்லோருக்கும் பொதுவாகவும் பிரிக்கிறார்கள். அப்படிப் போட்டால் நம் மூன்று பக்கங்களும் ஏறக்குறைய 116, 64, 119-இல் வந்து நிற்கும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஊரில் சொல்லும் யோசனைகளைச் சோதித்துப் பார்க்கலாம். 'நீ எனக்குக் கொடு, நான் உனக்குக் கொடுக்கிறேன்' என்று இருபது நண்பர்கள் கூடி மாற்றி மாற்றி இணைப்பு கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். வெளியாள் யாரும் அவர்களுக்கு இணைப்பு தரவில்லை. அப்போது எவ்வளவுதான் சுற்றினாலும் அந்த இருபது பக்கங்களின் மொத்தம், தொடக்கத்தில் அவர்கள் கையில் இருந்த இருபது பங்கைத் தாண்டாது. ஒருவர் உயர்ந்தால் இன்னொருவர் இறங்க வேண்டியதுதான். இருநூறு தளங்களின் முகவரியை வரிசையாக அடுக்கிவைத்த பட்டியல் பக்கத்தில் நம் பெயரைச் சேர்த்தால், கிடைப்பது அந்தப் பக்கத்தின் கையில் இருப்பதில் இருநூறில் ஒரு பங்கு.

பின்னூட்டத்தில் ஒட்டும் இணைப்பின் கதை 2005-லேயே முடிந்துவிட்டது. அந்த ஆண்டு கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து 'நோஃபாலோ' என்ற குறியை ஏற்றன. 'இந்த இணைப்புக்கு நான் பொறுப்பில்லை' என்று தளத்துக்காரர் தேடுபொறியிடம் சொல்லும் குறி அது. விக்கிப்பீடியா 2007-இல் தன் வெளி இணைப்புகளுக்கு இதைப் போட்டுவிட்டது. 2019-இல் கூகுள் இந்தக் குறியைக் கட்டளையாக அல்லாமல் குறிப்பாக எடுத்துக்கொள்வதாக அறிவித்தது என்றாலும், யார் வேண்டுமானாலும் ஒட்டக்கூடிய இடத்தின் எடை சுழியத்துக்குப் பக்கம்தான். விலைக்கு வாங்கிய இணைப்புகள் மேல் 2012-இல் கூகுள் தன் கணக்கில் கொண்டுவந்த 'பெங்குவின்' மாற்றம் பாய்ந்தது. பல தளங்கள் தேடல் முடிவுகளில் சட்டென்று பின்னுக்குப் போயின. இன்றைய தேடுபொறி இணைப்பைத் தவிர வேறு பலவற்றையும் பார்க்கிறது. ஆனாலும் இணைப்புக் கணக்கு உள்ளே இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் காசில்லாமல் எடையுள்ள இணைப்பு எப்படிக் கிடைக்கும்? ஒருவர் எப்போது இணைப்பு கொடுக்கிறார் என்று யோசித்தால் பாதி வேலை முடிந்தது. எழுதிக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் அவருக்குச் சாய்ந்துகொள்ள ஒரு தூண் வேண்டும். ஓர் எண், ஓர் அட்டவணை, ஒரு படம், ஒரு சொல்லுக்கான தெளிவான விளக்கம். நான் கவனித்தவரை, கருத்துக் கட்டுரைகளுக்குப் பாராட்டு குவியும், இணைப்பு வராது. நாலு நாள் உட்கார்ந்து அளந்து போட்ட அட்டவணைக்குப் பாராட்டு வராது, ஆனால் ஆண்டுக்கணக்கில் இணைப்பு சொட்டிக்கொண்டே இருக்கும். நாமே வரைந்த விளக்கப்படத்தைப் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டாலும் இதே பலன்தான்.

இன்னொரு வழி, செத்துப்போன இணைப்புகள். 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குள் மறைந்துவிட்டன என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கண்டறிந்தது. அவற்றைச் சுட்டிய இணைப்புகள் எல்லாம் இப்போது வெறும் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற அறிவிப்பு. நீங்கள் சந்திர கிரகணம் பற்றி எழுதுபவர் என்றால், வானியல் பற்றிய பழைய நல்ல தளங்களைத் திறந்து ஒவ்வொரு இணைப்பாகச் சொடுக்கிப் பாருங்கள். உடைந்தது கிடைத்தால், அதே பொருளில் உங்களிடம் உருப்படியான பக்கம் இருந்தால் மட்டும், ஒரு கடிதம்: "ஐயா, உங்கள் கிரகணக் கட்டுரையின் மூன்றாம் பத்தியில் உள்ள தேதிப் பட்டியல் இணைப்பு வேலை செய்யவில்லை. அதே தேதிகளை நானும் தொகுத்திருக்கிறேன், முகவரி கீழே. பொருந்தினால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்." அவ்வளவு போதும். பலர் பதிலே போடமாட்டார்கள். போடுகிறவர் கொடுக்கும் ஒன்று, பின்னூட்டத்தில் ஒட்டிய நூறுக்கு மேல்.

கொடுப்பவர் எந்தச் சொல்லின் மேல் இணைப்பைக் கட்டுகிறார் என்பதையும் தேடுபொறி படிக்கிறது. இதை ஆங்கர் டெக்ஸ்ட் என்பார்கள். 2003-இல் குறும்பர்கள் சிலர் 'படுமோசமான தோல்வி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்துக் குவித்தார்கள். அந்தச் சொற்கள் அந்தப் பக்கத்திலேயே இல்லை. ஆனாலும் தேடினால் முதலில் வந்து நின்றது! கூகுள் இதைச் சரிசெய்தது 2007-இல். இன்று எல்லா இணைப்பும் அச்சடித்தாற்போல் ஒரே சொல்லில் வந்தால் சந்தேகம்தான் வரும். எந்தச் சொல்லில் கொடுப்பது என்பதை எழுதுபவர் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. தளம் நடத்துபவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசம். அதில் இணைப்புகள் பகுதியைத் திறந்தால் யார் யார் எந்தப் பக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியும். இணைப்பு பெற்ற உங்கள் பக்கங்களின் முகவரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எப்போதோ தலைப்பை மாற்றியபோது முகவரியும் மாறி, பழைய முகவரிக்கு வந்த இணைப்பு 404-இல் முட்டிக்கொண்டு நிற்கலாம். பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதியதற்குத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் ஒன்றைப் போட்டால், ஏற்கெனவே கிடைத்த எடை திரும்ப வந்து சேரும். வேலை ஐந்து நிமிடம், செலவு ஒன்றுமில்லை. அப்படியே அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் மற்ற கட்டுரைகளுக்கும் இரண்டு மூன்று இணைப்பு கொடுத்துவிடுங்கள். வெளியிலிருந்து வந்தது உள்ளேயும் பரவட்டும்.