ஐந்து கிராம் கணக்கு

வளர்ந்த ஒருவரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று வைத்துக்கொண்டால், மொத்தமே 5 கிராம்தான் வரும். ஒரு டீஸ்பூன். ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டில் 60, 70 கிராம் மாவுச்சத்து உள்ளே போவது சர்வ சாதாரணம். ரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேலே வந்து இறங்குகிறது, ஆனாலும் சர்க்கரை கொஞ்சம் ஏறி, இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. எவ்வளவு அருமையான ஏற்பாடு இது!

இந்த ஏற்பாடு திணறத் தொடங்கும் கட்டம்தான் ப்ரீடயாபடீஸ், அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை. அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வரையறைப்படி, வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் 5.7 முதல் 6.4 சதவீதம் வரை. உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்று அளவை 110இலிருந்துதான் கணக்கில் எடுக்கிறது. ஆகவே ஒரே ரிப்போர்ட்டுக்கு இரண்டு விதமான பதில் கிடைத்தால் குழம்ப வேண்டாம்.

"பார்டர்லதான் இருக்கு, ஸ்வீட்டைக் குறைச்சுக்கோங்க" என்று சொல்வார்கள். ரிப்போர்ட்டை மடித்து உள்ளே வைத்துவிடுவோம். அந்த ஒரு வரி போதாது என்பதுதான் என் ஆதங்கம். பலர் இனிப்பை அடியோடு நிறுத்திவிட்டு, "அப்புறமும் ஏன் குறையல?" என்று மனம் உடைந்து போகிறார்கள்.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சாப்பிட்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. குளுக்கோஸை உள்ளே விடும் நுண்ணிய வாசல்கள் தசைச் செல்லில் உண்டு. சும்மா இருக்கும் நேரத்தில் அவற்றில் பெரும்பாலானவை செல்லின் உட்புறத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இன்சுலினின் தகவல் வந்து சேர்ந்தால்தான் மேற்பரப்புக்கு வந்து திறக்கும். தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் கொழுப்பு சேரச் சேர, அந்தத் தகவல் பாதி வழியிலேயே மங்கிவிடுகிறது. ஈடுகட்டக் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. பல வருஷம் இப்படியே ஓடும், ரிப்போர்ட்டில் ஒன்றும் தெரியாது. கணையத்தால் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போதுதான் எண் ஏறுகிறது.

"ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எதுவுமே சாப்பிடவில்லை, காலையில் எப்படி 112?" என்று கேட்பவர்கள் உண்டு. அது சாப்பாட்டிலிருந்து நேராக வந்த சர்க்கரை அல்ல, கல்லீரல் விட்டது. நாம் தூங்கும்போது மூளைக்கு வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரல்தான் தருகிறது. 'போதும், நிறுத்து' என்று இன்சுலின் சொல்வது கொழுப்பேறிய கல்லீரலுக்குச் சரியாகக் கேட்பதில்லை.

சரி, தட்டுக்கு வருவோம். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த நீளமான சங்கிலி. நாக்கில் இனிக்காவிட்டாலும் குடலில் பெரும்பகுதி குளுக்கோஸாகத்தான் பிரிகிறது. எவ்வளவு வேகமாகப் பிரிகிறது என்பதில்தான் விஷயம். ஒரு முழு தானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே தவிட்டுத் தோல், உள்ளே செல் சுவர்களுக்குள் அடைபட்ட மாவு. செரிமான நொதி ஒவ்வொரு சுவராகத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அதே தானியத்தைத் தோல் நீக்கி நைசாக அரைத்துவிட்டால் சுவர்கள் எல்லாம் உடைந்துவிடுகின்றன. நொதி செய்ய வேண்டிய வேலையில் பாதியை இயந்திரமே முடித்துக் கொடுத்துவிடுகிறது. பழத்துக்கும் ஜூஸுக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். ஒரு ஆரஞ்சைச் சுளை சுளையாகச் சாப்பிட ஐந்து நிமிஷமாவது ஆகும், நார்ச்சத்தும் கூடவே போகும். மூன்று ஆரஞ்சைப் பிழிந்த ஜூஸ் அரை நிமிஷத்தில் இறங்கிவிடும்.

இந்த வேகத்தை அளக்க, ஆய்வாளர் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் 1981இல் கிளைசீமிக் குறியீடு என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். பயனுள்ளதுதான், ஆனால் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நாம் எதையும் தனியாகச் சாப்பிடுவதில்லையே. காய்கறி, பருப்பு, முட்டை, மீன் என்று எது கூடச் சேர்ந்தாலும் இரைப்பை காலியாகும் வேகம் குறைகிறது. கரையும் நார்ச்சத்து குடலில் கூழ்போலாகி, குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதை மெதுவாக்குகிறது. பயறு, பருப்பு வகைகளிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஒரு வேளை சாப்பிட்டால் அடுத்த வேளைச் சாப்பாட்டின் ஏற்றத்தையும் அவை குறைக்கின்றன.

ஆகவே தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், மீதிக் கால் பங்கு மாவுச்சத்து. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டால், அதே சாப்பாட்டுக்கு ஏற்றம் குறைவாக இருக்கும். வேகவைத்த கிழங்கை ஆறவிட்டுச் சாப்பிட்டாலும் கொஞ்சம் பலன் உண்டு, கொஞ்சம்தான். அதை நம்பி இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ள வேண்டாம்.

சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிஷம் நடப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தசை சுருங்கி விரியும்போது அந்தச் சுருட்டி வைத்த வாசல்கள் இன்சுலின் தகவல் இல்லாமலேயே மேலே வருகின்றன. மங்கிப்போன தகவலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் ஏற்றத்தைக் குறைக்கும் வழி. அடிப்படைக் கோளாறான கொழுப்பைக் குறைக்க, எடை அதிகம் உள்ளவர்களுக்கு எடைக் குறைப்புதான் பெரிய கருவி. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்து, 2002இல் வெளியான ஆய்வு இது: உணவு மாற்றமும் வாரம் 150 நிமிஷ உடற்பயிற்சியும் செய்து 7 சதவீத எடைக் குறைப்பை இலக்காக வைத்த குழுவில், நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம். 80 கிலோ எடையுள்ளவருக்கு அந்த 7 சதவீதம் ஐந்தரை கிலோ சொச்சம். ஒல்லியாக மாறச் சொல்லவில்லை, ஐந்தரை கிலோதான்.

மறுபரிசோதனைக்கு அவசரப்பட வேண்டாம். சிவப்பணுக்களில் ஒட்டிய குளுக்கோஸைத்தான் ஹெச்பிஏ1சி அளக்கிறது, அந்த அணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். மூன்று வாரத்தில் எடுத்தால் பழைய அணுக்கள்தான் பெரும்பாலும் இருக்கும், நீங்கள் மாற்றிய தட்டின் கணக்கு அதில் முழுசாகத் தெரியாது. மூன்று மாதம் கழித்து எடுங்கள். கர்ப்பிணிகளும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களும் மட்டும் தட்டை மாற்றும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.