புராசஸர் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது

இணையக் கடையில் பதிவாகும் ஆர்டர் ஜேசான் வடிவில் வருகிறது. கிடங்கின் பழைய மென்பொருளுக்கோ எக்ஸ்எம்எல்தான் புரியும். இப்படிப்பட்ட இரண்டுக்கும் நடுவே நின்று செய்தியைக் கொண்டுசேர்ப்பதுதான் அப்பாச்சி கேமலின் வேலை. 2007இல் முதல் பதிப்பு கண்ட இந்த ஜாவா கட்டமைப்பில், செய்தி செல்ல வேண்டிய வழித்தடத்தைச் சில வரிகளில் எழுதிவிடலாம். வடிகட்டுதல், பிரித்தல், கிளைவழி அனுப்புதல் எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அவற்றுக்குள் அடங்காத வேலைக்குத்தான் ‘புராசஸர்’ என்ற ஜாவா வகுப்பை நாமே எழுதி வழித்தடத்தில் ஒரு படியாகச் சேர்க்கிறோம்.

எழுத வேண்டியது ‘புராசஸ்’ என்ற ஒரே செயற்கூறு. அதனிடம் கேமல் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்ற பொதியைக் கொடுக்கும். பொதிக்குள் செய்தி, செய்திக்கு ஓர் உடல், அதைப் பற்றிய குறிப்புகளாகச் சில தலைப்புகள் (ஹெடர்கள்). உடல் பைட்டுகளாக வந்திருந்தாலும், எழுத்துச் சரமாகக் கேட்டால் கேமலே மாற்றித் தந்துவிடும். பழைய நிரல்களில் ‘கெட்அவுட்’ என்ற அழைப்பைக் கண்டால் கவனம் தேவை. அது வெற்றுச் செய்தி ஒன்றை உருவாக்கும். உடலை மட்டும் அதில் வைத்தால் தலைப்புகள் அத்தனையும் தொலைந்துபோகும். ‘கெட்மெசேஜ்’ போதும்.

நான் வழுக்கி விழுந்தது வேறோர் இடத்தில். வாடிக்கையாளர் எண்ணைப் புராசஸர் வகுப்பின் மாறியில் வைத்திருந்தேன். ஒவ்வோர் ஆர்டராக அனுப்பிச் சோதித்தவரை எல்லாம் சரியாக இருந்தது. பயன்பாட்டுக்கு வந்தபின் இரண்டு ஆர்டர்கள் ஒரே கணத்தில் நுழைந்தன. ஒருவர் வாங்கிய பொருள் மற்றவர் பெயரில் பதிவானது. செய்திக்கொரு புராசஸர் பிறப்பதில்லை. வழித்தடத்தில் இருக்கும் அந்த ஒரே புராசஸருக்குள் பல இழைகள் (த்ரெட்கள்) ஒரே சமயத்தில் ஓடுகின்றன. ஒரு செய்திக்கு உரியது அந்தச் செய்தியோடுதான் பயணிக்க வேண்டும். இப்போது அத்தகைய எண்களை, கேமலுக்குள்ளேயே தங்கிவிடும் எக்ஸ்சேஞ்சின் பண்புகளில் (பிராப்பர்ட்டிகளில்) வைக்கிறேன். தலைப்புகளில் வைத்தால், அடுத்து எச்டிடிபி வழியாக அனுப்பும்போது அவையும் வெளியே போய்விடக்கூடும்.

பிழை நேர்ந்தால் மறுமுயற்சி செய்யுமாறு கேமலிடம் சொல்லலாம். அது வழித்தடத்தின் தொடக்கத்துக்குத் திரும்பாது. பிழை நேர்ந்த படியையே மீண்டும் இயக்கும். புராசஸரின் முதல் வரி தரவுத்தளத்தில் எழுதி, மூன்றாம் வரி முறிந்தால், மறுமுயற்சியில் அதே ஆர்டர் இரண்டாம் முறை பதிவாகிவிடும். அதனால் சரிபார்ப்புகளையெல்லாம் முதலில் முடித்து, தரவுத்தளத்தில் எழுதும் வரியைக் கடைசியில் வைக்கிறேன். எழுதுமுன் அந்த ஆர்டர் எண் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுகிறேன்.