ஒரே ஒரு செமஸ்டர்: பிரிட்டனில் எங்கே படிப்பது?

தன்னாட்சிக் கல்லூரி ஒன்றின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு செமஸ்டரை மட்டும் பிரிட்டனில் படித்துவிட்டுத் திரும்ப விரும்பும் மாணவர்களின் விண்ணப்பங்கள் என் மேசை வழியாகத்தான் போகின்றன. பெற்றோருடன் வந்து உட்காரும் மாணவரின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், இந்தப் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் எத்தனையாவது இடம்?" முழுப் பட்டத்துக்குப் போகிறவர் அதைக் கேட்பதில் பொருள் உண்டு. நான்கைந்து மாதம் தங்கி, மூன்று நான்கு பாடங்கள் படித்து, அந்த மதிப்பெண்ணை இங்குள்ள பட்டத்தோடு சேர்க்கப்போகிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு கேள்வி. அங்கே தேர்வு எந்த மாதம்?

இங்கிலாந்தின் பல பல்கலைக்கழகங்களில் முதல் செமஸ்டர் செப்டம்பர் கடைசியில் தொடங்கும். வகுப்புகள் டிசம்பர் நடுவில் முடிந்துவிடும். தேர்வோ கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்து ஜனவரியில் நடக்கும். நம் கல்லூரிகளில் பல, அதற்குள் இரட்டைப்படை செமஸ்டரைத் தொடங்கியிருக்கும். மாணவர் ஆளில்லாத விடுதியில் வாடகை கட்டிக்கொண்டு ஜனவரிவரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வு எழுதாமல் ஊர் திரும்ப வேண்டும். டிசம்பரில் கிளம்பும் வெளிநாட்டு மாணவருக்குத் தேர்வுக்குப் பதிலாகக் கட்டுரை எழுதித்தர அனுமதிக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அந்தச் சலுகை எல்லாப் பாடங்களுக்கும் கிடைக்காது. கணிதம், பொறியியல் பாடங்களில் கிடைப்பது அரிது. ஆகவே பல்கலைக்கழகத்திடம் பொதுவாகக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். நீங்கள் எடுக்கப்போகும் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. எடின்பரோ, கிளாஸ்கோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆகியவற்றில் செப்டம்பரில் தொடங்கும் செமஸ்டருக்குத் தேர்வும் டிசம்பரிலேயே நடந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு முன் பெட்டியைக் கட்டிவிடலாம். இன்னொரு வசதியும் உண்டு. இங்கிலாந்தில் இளநிலைப் பட்டம் பொதுவாக மூன்று ஆண்டு, ஸ்காட்லாந்தில் நான்கு. நான்காண்டுப் பொறியியல் படிக்கும் நம் மாணவரின் மூன்றாம் ஆண்டுப் பாடங்களுக்கு ஸ்காட்லாந்தின் மூன்றாம் ஆண்டுப் பாடங்கள் இயல்பாக இணையாக நிற்கும். டிசம்பரில் அங்கே மூன்றரை, மூன்றேமுக்கால் மணிக்கே இருட்டிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது மனதளவில் சின்ன விஷயம் இல்லை.

எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது ஜனவரியில் தொடங்கும் இரண்டாம் செமஸ்டர். ஜனவரி கடைசியில் போய் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ திரும்பினால், அது நம் இரட்டைப்படை செமஸ்டரோடு ஏறக்குறையப் பொருந்திவிடும். செப்டம்பரில் போகிறவருக்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை என்ன செய்வது, வருகைப் பதிவை யார் கணக்கிடுவது என்ற குழப்பம் இதில் இல்லை. குறைகளும் உண்டு. அங்கே சில பாடங்கள் ஆண்டு முழுவதும் ஓடும். ஜனவரியில் போய் நடுவில் ஏற முடியாது. சிலவற்றுக்கு முதல் செமஸ்டரின் பாடத்தை முன்பே படித்திருக்க வேண்டும். ஈஸ்டர் விடுமுறை மூன்று நான்கு வாரம் நடுவில் வரும். அதில் ஐரோப்பாவைச் சுற்றத் திட்டமிடும் மாணவர்கள், விடுமுறை முடிந்த சில வாரங்களில் தேர்வு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் செமஸ்டரே இல்லை. எட்டெட்டு வாரங்களாக மூன்று பருவங்கள். லண்டன் பொருளாதாரப் பள்ளி வெளிநாட்டு இளநிலை மாணவருக்கு நடத்தும் 'ஜெனரல் கோர்ஸ்' முழு ஓராண்டுப் படிப்பு. இந்தப் பெயர்களை விண்ணப்பத்தில் எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் முதலில் கால அளவைப் பற்றித்தான் பேசுகிறேன்.

தேர்வு மாதம் தெளிவானபின் துறையைப் பாருங்கள். பெரிய தரவரிசைகள் ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள் எண்ணிக்கையையும் கல்வியாளர்களிடையே உள்ள பெயரையும் முக்கியமாக வைத்துக் கணக்கிடப்படுகின்றன. உங்கள் மூன்றாம் ஆண்டுப் பாடத்தை யார் எப்படி நடத்துகிறார் என்பதை அவை சொல்லாது. கடலியல் படிக்கிறவருக்கு சவுத்தாம்ப்டன் இருக்கிறது; தேசியக் கடலியல் மையம் அங்கே துறைமுகக் கரையிலேயே நிற்கிறது. வானிலையியலுக்கு ரெடிங். பருவநிலை ஆய்வுக்கு நாரிச் நகரத்து ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம். அங்குள்ள பருவநிலை ஆய்வுப் பிரிவு 1972இல் தொடங்கப்பட்டது. கோவை, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளிடம் லீட்ஸைப் பாருங்கள் என்பேன். அதன் மூலமான யார்க்‌ஷயர் அறிவியல் கல்லூரி 1874இல் தொடங்கியபோது, துணித்துறைக்குப் பணம் கொடுத்தது லண்டனின் பழைய துணி வணிகர் சங்கம்.

இதிலும் ஓர் எச்சரிக்கை. துறையின் புகழ்பெற்ற பிரிவு உங்கள் நிலை மாணவருக்குப் பாடம் நடத்துகிறதா என்று பார்க்க வேண்டும். சசெக்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் 1966இல் நிறுவப்பட்ட வளர்ச்சியியல் ஆய்வு நிறுவனம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது முக்கியமாக முதுநிலை மாணவர்களுக்கானது. இரண்டாம் ஆண்டு பி.ஏ. மாணவர் அந்தப் பெயரை நம்பிப் போனால் அதன் ஆசிரியர்களைக் கருத்தரங்க மேடையில் பார்க்கலாம். வகுப்பில் பார்ப்பது கடினம். கணினி அறிவியல், உளவியல், வணிக மேலாண்மை போன்ற நெரிசலான துறைகளில் ஒரு செமஸ்டருக்கு வரும் மாணவருக்குக் கடைசியில்தான் இடம் ஒதுக்குவார்கள். இணையத்தில் பாடத்தின் பெயர் இருப்பதாலேயே அது உங்களுக்குக் கிடைத்துவிடாது. நான்கு பாடம் வேண்டுமென்றால் எட்டைத் தேர்ந்து, எட்டுக்கும் இங்கே ஒப்புதல் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

பெயர்க் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். லீட்ஸ் பல்கலைக்கழகம் வேறு, லீட்ஸ் பெக்கெட் வேறு. மான்செஸ்டர் வேறு, மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் வேறு. நாட்டிங்ஹம், நாட்டிங்ஹம் டிரென்ட் இரண்டும் வேறு. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்கள் ஆனதன் விளைவு இது. பின்னால் வந்தவை மட்டம் என்று சொல்லவில்லை. வடிவமைப்பு, செவிலியம், ஊடகம் போன்ற பாடங்களில் அவற்றில் சில மிக நன்றாகச் செய்கின்றன. எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதேபோல் 'ரஸ்ஸல் குழு' என்பது 24 ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு; தரவரிசை இல்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ், பாத், லஃப்பரோ மூன்றும் அதில் இல்லை. கவென்ட்ரி, சண்டர்லாந்து போன்றவற்றுக்கு லண்டனில் கிளை வளாகங்கள் உண்டு. தாய் வளாகத்தின் எல்லாப் பாடங்களும் கிளையிலும் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

இனி, எனக்கு மிகுந்த கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன்: மதிப்பெண்.

பிரிட்டனின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் நூற்றுக்கு 70 எடுத்தால் முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை மேல் இரண்டாம் வகுப்பு. இளநிலையில் 40 தேர்ச்சி. கட்டுரை எழுதும் பாடங்களில் 80ஐத் தாண்டுவது அபூர்வம். இங்கே 90 எடுத்துப் பழகிய பிள்ளை அங்கே 66 வாங்கி அழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த 66 நல்ல மதிப்பெண். அழுகை அடங்கிவிடும். அந்த 66 இங்கே நேரடியாகப் பத்துக்கு 6.6 என்று ஏறிவிட்டால் வரும் சேதம் அடங்காது. வேறொரு கல்லூரியிலிருந்து ஆலோசனைக்கு வந்த மாணவி ஒருவர், மூன்று பாடங்களிலும் அறுபதுக்கு மேல் வாங்கியிருந்தார். கல்லூரி அலுவலகம், பிரிட்டன் மதிப்பெண்ணை நம் கிரேடாக மாற்றும் அட்டவணை எதுவும் இல்லாமல் அப்படியே பதிந்தது. அவருடைய சராசரி, வளாக நேர்காணலுக்கு ஒரு நிறுவனம் கேட்ட அளவுக்குக் கீழே போய்விட்டது. நன்றாகப் படித்ததற்குக் கிடைத்த தண்டனை அது. பதிவு முடிந்தபின் திருத்த வைப்பது எவ்வளவு கடினம் என்பது கல்லூரி அலுவலகங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

கிளம்புவதற்கு முன்பே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டியவை இரண்டு. பிரிட்டன் மதிப்பெண் எந்த கிரேடாக மாறும் என்ற அட்டவணை ஒன்று. அதைவிட நல்லது, மதிப்பெண்ணைச் சராசரியில் சேர்க்காமல் கிரெடிட்டை (பாடத்தின் படிப்பளவை எண்ணும் அலகு) மட்டும் ஏற்றுக்கொள்ளும் முறை. கல்லூரி இசைந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, எந்தப் பாடத்துக்கு எது இணை, எத்தனை கிரெடிட் என்ற ஒப்பந்தம். பல்கலைக்கழகத்தோடு இணைப்புப் பெற்ற கல்லூரியில் படிக்கிறவருக்கு முதல்வரின் கையெழுத்து போதாது. பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும்.

கிரெடிட் கணக்கில் பாடத்திட்டக் குழுக் கூட்டங்களில் ஒரு சண்டை தவறாமல் வரும். "வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு, இதற்கா இவ்வளவு கிரெடிட்?" என்று பேராசிரியர் ஒருவர் கேட்பார். பிரிட்டனில் ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு. வகுப்பு, நூலகம், கட்டுரை, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் அதில் அடங்கும். ஆண்டுக்கு 120 கிரெடிட், அதாவது 1200 மணி நேரம். 2023இல் வந்த நம் தேசிய கிரெடிட் கட்டமைப்பும் அதே 1200 மணி நேரத்தைத்தான் ஓராண்டுக்கு வைக்கிறது. ஆனால் 40 கிரெடிட்டாகப் பிரிக்கிறது. ஆக, அவர்களின் மூன்று நம்முடைய ஒன்று. 15 கிரெடிட் பாடம் இங்கே ஐந்து. அங்கே ஒரு செமஸ்டரின் 60 இங்கே 20. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். கூட்டத்தில் உங்களுக்காகப் பேச ஆள் இல்லாவிட்டாலும் அந்தத் தாள் பேசும்.

பயந்துகொண்டு முதலாம் ஆண்டு அறிமுகப் பாடங்களை எடுப்பதும் தவறு. இங்கே மூன்றாம் ஆண்டுப் பாடத்துக்கு அவற்றை இணையாக ஏற்க மாட்டார்கள்.

விசா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்கு வருகையாளர் விசா போதும், செலவும் குறைவு. ஆனால் அதில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. அங்கே இருந்துகொண்டே அதை மாணவர் விசாவாக மாற்றவும் முடியாது. ஓராண்டாக நீட்டிக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பல்கலைக்கழகத்திடம் மாணவர் விசாவுக்கான ஏற்புக் கடிதத்தையே கேளுங்கள். பட்டம் முடித்தவர்களுக்குத் தரப்படும் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி ஒரு செமஸ்டர் மாணவருக்குக் கிடையாது. கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் அனுமதி பெறுகிறவர்கள்தான் சுகாதாரக் கூடுதல் கட்டணம் கட்டுகிறார்கள். வருகையாளர் விசாவில் போகும் நீங்கள் கட்டுவதில்லை, ஆகவே தேசிய சுகாதாரச் சேவையின் மருத்துவமனைகள் உங்களுக்கு இலவசம் இல்லை. இங்கிலாந்தில் அவசரப் பிரிவில் பார்த்துவிடுவார்கள். வார்டில் சேர்த்தால் வழக்கமான கட்டண விகிதத்தின் 150 சதவீதம் பில் வரும். நல்ல மருத்துவக் காப்பீடு இல்லாமல் எந்த மாணவரையும் நான் அனுப்புவதில்லை. இதில் பெற்றோர் எவ்வளவு முணுமுணுத்தாலும் விட்டுக்கொடுப்பதும் இல்லை.

தங்குமிடம், பல்கலைக்கழகத் தேர்வையே மாற்றக்கூடிய விஷயம். விடுதி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் நாற்பது வாரத்துக்கு மேற்பட்டவை. ஒரு செமஸ்டருக்கு மட்டும் அறை தருவதாக எழுத்தில் உறுதி சொல்லும் பல்கலைக்கழகத்துக்குத் தரவரிசையில் இருபது முப்பது இடம் கீழே இருந்தாலும் முன்னுரிமை கொடுங்கள். வெளியில் வீடு எடுத்தால் பிரிட்டனில் வசிக்கும் ஒருவரைப் பிணையாளராகக் கேட்பார்கள்.  புகைப்படத்தை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் உண்டு. லண்டனில் வாடகை மற்ற நகரங்களைவிட வெகு அதிகம். ஷெஃபீல்டு, நியூகாசில், கிளாஸ்கோ எல்லாம் மாணவர் வாழ ஏற்ற நகரங்கள். ஈஸ்ட்ஹாமில் நம் ஊர்க் கடைகள் இருக்கின்றன என்பதற்காக லண்டனைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மாணவர் நகரம் எதிலும் அரிசியும் பருப்பும் கிடைக்கும். சமையலறை உள்ள விடுதி கிடைத்தால் போதும்.

கட்டணம் பற்றி ஒன்று. உங்கள் கல்லூரிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. இங்கே கட்டுவதே போதும். ஒப்பந்தம் இல்லாமல் நேரடியாகப் போனால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் முழுவதையும் கட்ட வேண்டும். முகவர்களுக்குத் தரகுத்தொகை கிடைப்பது இரண்டாவது வழியில்தான். அதனால் முதல் வழியைப் பற்றி அவர்கள் பேசுவது அரிது. முகவர் அலுவலகத்துக்குப் போகும் முன் உங்கள் கல்லூரியின் ஒப்பந்தப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். பல மாணவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது.

அங்கே படித்து முடித்த மாணவர்களிடம் கடைசி வாரத்தில் ஒரு வேலை தருகிறேன். ஒவ்வொரு பாடத்தின் கையேட்டையும், வாரவாரியான பாடத்திட்டத்தையும், எழுதிய கட்டுரைகளையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மதிப்பெண்ணைத் தேர்வுக் குழு உறுதிசெய்து அதிகாரப்பூர்வப் பட்டியல் வர, தேர்வு முடிந்து சில வாரங்கள் ஆகும். அதற்குப் பிறகு இங்கே யாராவது "இந்தப் பாடத்தில் என்ன படித்தாய்?" என்று ஆதாரம் கேட்கலாம். அப்போது பல்கலைக்கழகக் கணக்கு மூடப்பட்டிருந்தால், உள்ளே நுழைந்து எதையும் எடுக்க முடியாது.