உலோகத்தை உள்ளிருந்து சூடேற்றும் குழல்

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் கருவாட்டைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து ஒட்டும் இயந்திரத்தை அருகில் நின்று பார்த்தால், உறையின் வாயைக் கவ்வும் உலோகத் தாடைகளின் ஓரத்திலிருந்து இரண்டிரண்டு மின்கம்பிகள் வெளியே வருவது தெரியும். தாடைக்குள் துளையிட்டுச் செருகப்பட்டிருக்கும், சுண்டுவிரல் பருமனுள்ள காட்ரிட்ஜ் ஹீட்டர் என்ற சூடேற்றும் குழலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகள் அவை.

ஹீட்டரின் நடுவில் பீங்கான் போன்ற தண்டு ஒன்றும், அதன்மேல் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிச் சுருளும் இருக்கின்றன. சுருளுக்கும் வெளியே உள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழலுக்கும் இடையில் மெக்னீசியம் ஆக்சைடுத் தூளை நிரப்பி, குழலைச் சுற்றிலும் அடித்து இறுக்கிவிடுகிறார்கள். மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டே வெப்பத்தை நன்றாகக் கடத்தும் பொருள்கள் அரிது. இந்த வெள்ளைத் தூள் அவற்றில் ஒன்று. இறுகிய தூளில் காற்று இடைவெளி குறைவதால், சுருளின் சூடு தேங்காமல் குழலுக்கு வந்துவிடுகிறது.

அங்கிருந்து தாடைக்குப் போகும் கடைசி அடிதான் கடினமானது. 10 மில்லிமீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் சூடாகும் நீளமும் கொண்ட 250 வாட் ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு சுமார் 25 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 10 வாட்டை வெளியேற்ற வேண்டும். துளை சற்றுப் பெரிதாகி, குழலைச் சுற்றி 0.05 மில்லிமீட்டர் காற்று மட்டும் இருந்தால்கூட, அதைக் கடக்கவே குழல் தாடையைவிட ஏறத்தாழ 100 டிகிரி கூடுதலாகச் சூடாக வேண்டியிருக்கும். இடைவெளி 0.15 மில்லிமீட்டரானால் அந்த வேறுபாடு 300 டிகிரியை நெருங்கும். தாடை 150 டிகிரியில் அமைதியாக இருப்பதாகத் தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரி காட்டிக்கொண்டிருக்க, உள்ளே கம்பி வெந்துகொண்டிருக்கும். டிரில் போட்டதோடு விட்டுவிடாமல் ரீமர் என்ற துளை சீராக்கும் கருவியால் அதைச் சீராக்கும் பட்டறைக்காரரின் பொறுமையை நான் பெரிதும் மதிப்பது இதனால்தான்.

இராமநாதபுரம் கரையில் இன்னொரு பகையும் உண்டு. மெக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மழைக்காலம் முழுதும் அலமாரியில் கிடந்த ஹீட்டருக்குள், கம்பி வெளிவரும் முனை வழியாகக் கடற்காற்றின் ஈரம் நுழைந்துவிடுகிறது. அதைப் பொருத்திச் சுவிட்சைப் போட்டதும் மின்சாரம் ஈரத்தூள் வழியே எஃகுக் குழலுக்குக் கசிய, மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் டிரிப்பர் விழுந்துவிடும். சிலர் அப்போது எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். ஈரக்கையோடு வேலை செய்யும் பெண்கள் தொடும் இயந்திரம் அது. உயிரைப் பறிக்கக்கூடிய இந்தச் செயலை யாரும் செய்யவே கூடாது.

செய்ய வேண்டியது எளிது. ஹீட்டரைக் கழற்றி, சுமார் 120 டிகிரிச் சூட்டில் மின் அடுப்புக்குள் பல மணி நேரம் உலர்த்தி, ஆறியபின் மெக்கர் என்ற மின்காப்பு சோதிக்கும் கருவியால் கம்பிக்கும் எஃகுக் குழலுக்கும் இடையிலுள்ள மின்தடையைச் சோதிக்கலாம். அளவு பல மெகாஓமுக்கு (ஒரு மெகாஓம் என்பது பத்து லட்சம் ஓம்) ஏறும்வரை திரும்ப உலர்த்த வேண்டும். உபரி ஹீட்டர்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வைத்து, அந்தத் தாடையிலேயே வாயை ஒட்டி வைத்துவிடலாம்.