55 வயதிலேயே காகிதத்தைப் பாருங்கள்: பிஎஃப் பென்ஷன், கிராஜுவிட்டி, ஈஎஸ்ஐ, நலவாரியம்

அண்ணா சாலையில் ஓர் அலுவலகக் கட்டடம். அதன் கேட்டில் 14 வருஷம் செக்யூரிட்டியாக நின்றவர் அந்த ஐயா. சட்டையின் நிறம் மட்டும் மூன்று முறை மாறியது. அதாவது கான்ட்ராக்டர் மாறினார், கேட்டும் பிளாஸ்டிக் நாற்காலியும் இவரும் மாறவில்லை. 61 வயதில் "நாளையிலிருந்து வர வேணாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். கையில் கொடுத்தது கடைசி மாதச் சம்பளம், அதிலும் யூனிஃபார்முக்குப் பிடித்தது போக. அதே மாதம் மூன்றாம் மாடியில் ஓர் அதிகாரி ஓய்வு பெற்றார். கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, மாலை, குரூப் போட்டோ. போட்டோவுக்கு நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டவர் நம் ஐயாதான்.

இவருக்கும் சட்டத்தில் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பென்ஷன் உண்டு, கிராஜுவிட்டி உண்டு, ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டு மருத்துவம் உண்டு. மாடியில் இருப்பவருக்கு இவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு எச்ஆர் பிரிவு இருக்கிறது. கீழே நிற்பவர் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பிஎஃப் பென்ஷன். 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டப்படி, 10 வருஷ சேவை இருந்தால் 58 வயதிலிருந்து மாதாமாதம் பென்ஷன். 10 வருஷமும் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை, எல்லாவற்றையும் கூட்டலாம். ஒன்பதரை வருஷம் இருந்தாலே 10 என்று எடுத்துக்கொள்வார்கள். ஐயா வேலைக்குச் சேர்ந்தது 47 வயதில். 58க்குள் 11 வருஷம் ஆகிவிட்டது. அப்படியானால் பென்ஷன் வந்திருக்க வேண்டுமே?

வரவில்லை. ஒவ்வொரு கான்ட்ராக்டர் போகும்போதும் சூப்பர்வைசர் ஒரு படிவக் கட்டில் கையெழுத்து வாங்கி, "பிஎஃப் பணம் வந்துரும், வீட்டுச் செலவுக்கு ஆகும்" என்றிருக்கிறார். பணமும் வந்தது. ஆனால் அந்தக் கட்டில் இரண்டு படிவங்கள் இருந்தன. 19 என்பது பிஎஃப் பணத்துக்கு. 10சி என்பது பென்ஷன் கணக்குக்கு. 10சி போட்டுப் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த சேவைக்காலம் அழிந்துவிடும். அடுத்த கம்பெனியில் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். ஐயா இப்படி மூன்று முறை பூஜ்யத்துக்குப் போனார். கடைசிக் கான்ட்ராக்டரிடம் சேர்ந்தது 55 வயதில், 58 வரை கணக்கில் நின்றது வெறும் மூன்று வருஷம்.

எனவே கம்பெனி மாறினால் பழைய கணக்கைப் புதிய கணக்கோடு மாற்றிச் சேர்க்கச் சொல்லுங்கள். யுஏஎன், அதாவது உங்கள் பிஎஃப் கணக்குகளுக்கெல்லாம் பொதுவான எண், எப்போதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். புதுக் கான்ட்ராக்டர் இரண்டாவது யுஏஎன் உருவாக்கிவிட்டால் உடனே சொல்லி இணைக்க வேண்டும். மாற்ற முடியாத நிலை, கையில் காசும் இல்லை என்றால் 19 மட்டும் போடுங்கள். 10சி படிவத்திலேயே பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்க இடம் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் உங்கள் சேவைக்காலத்தைக் காப்பாற்றி வைக்கும். சூப்பர்வைசர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கே தெரியாது.

அடுத்த பொறி, பிறந்த தேதி. நம் ஊரில் 50 தாண்டிய பாதிப் பேர் ஆதாரில் ஜனவரி 1ஆம் தேதிதான் பிறந்திருக்கிறார்கள்! பிஎஃப் பதிவேட்டில் வேறொரு வருஷம், ரேஷன் கார்டில் இன்னொன்று. 57 வரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பென்ஷனுக்கான 10டி படிவம் போட்ட அன்றுதான் ராயப்பேட்டை அலுவலகத்தில் நிராகரிப்பார்கள். பழைய யுஏஎன் என்றால், திருத்தம் செய்ய முதலாளியின் ஒப்புதலோடு கூட்டு உறுதிமொழி வேண்டும் என்பார்கள். அந்த முதலாளி கடையை மூடி எட்டு வருஷம் ஆகியிருக்கும். அம்பத்தூர் கம்பெனியில் வேலை பார்த்திருந்தால் "உங்க கணக்கு அம்பத்தூர் ஆபீஸ்ல" என்று அங்கே அனுப்புவார்கள். இந்த அலைச்சலை 60 வயதில் முழங்கால் வலியோடு செய்ய முடியாது. வேலையில் இருக்கும்போதே, கம்பெனி உயிரோடு இருக்கும்போதே, மூன்று இடத்திலும் ஒரே பெயர், ஒரே தேதி என்று ஆக்கிக்கொள்ளுங்கள்.

58க்குப் பிறகும் வேலையில் தொடர்ந்தால் பென்ஷன் கணக்குக்குப் பணம் போகக் கூடாது, பிஎஃப் கணக்குக்கு மட்டும் போக வேண்டும். அக்கவுன்டன்ட் பழக்கதோஷத்தில் கட்டிக்கொண்டே இருந்தால் அதுவே பின்னால் விண்ணப்பத்தைத் தடுக்கும். பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.

பென்ஷன் எவ்வளவு வரும் என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பென்ஷன் கணக்குக்கான சம்பள உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கே 15 வருஷம் கட்டியிருந்தாலும், 15,000 பெருக்கல் 15 வகுத்தல் 70, அதாவது மாதம் சுமார் 3,214 ரூபாய். குறைந்தபட்ச பென்ஷன் 2014இலிருந்து 1,000 ரூபாய். டீச் செலவுக்கு ஆகும். ஆனாலும் அது உங்கள் பணம்.

சரி, கிராஜுவிட்டி. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடமென்றால், ஐந்து வருஷம் முடித்தவருக்கு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும். ஐயாவுக்குக் கடைசிக் கான்ட்ராக்டரிடம் ஆறு வருஷம், சம்பளம் 13,000. கணக்குப் போட்டால் 45,000 ரூபாய். கேட்டதற்கு வந்த பதில்கள் இவை: "கான்ட்ராக்ட் ஆளுக்கு கிராஜுவிட்டி இல்ல." "நடுவுல ஒரு மாசம் பிரேக் இருக்கு." "இப்ப எங்கிட்ட எட்டு பேர்தான் இருக்காங்க."

மூன்றும் தவறு. கான்ட்ராக்டரும் முதலாளிதான். ஆறு நாள் வேலை வாரத்தில், வருஷத்துக்கு 240 நாள் வேலை செய்திருந்தால் அது முழு வருஷம். ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பி, சட்டை மாற்றிக் கூப்பிடுகிற வித்தை இதில் செல்லாது. ஒருமுறை சட்டத்துக்குள் வந்த நிறுவனம் பிறகு ஆள் குறைந்தாலும் சட்டத்துக்குள்தான். நீங்கள் கேட்காவிட்டாலும் கணக்குப் போட்டு 30 நாளில் கொடுப்பது அவர்கள் கடமை. தாமதித்தால் வட்டியும் உண்டு. இருந்தாலும் எழுதிக் கேளுங்கள், பதிவுத் தபாலில். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது.

அடிப்படைச் சம்பளத்தை 5,000 என்று காட்டி, மிச்சத்தை அலவன்ஸ் என்று எழுதுவது பழைய தந்திரம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, அலவன்ஸ் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி சம்பளத்தோடு சேரும். சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அந்தத் தொகுப்பைச் சொல்லி "கான்ட்ராக்ட் ஆளுங்க எல்லாருக்கும் ஒரு வருஷத்துல கிராஜுவிட்டி" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம்பாதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டு நிறுவனம் எடுத்தவர்களுக்குத்தான் அந்த ஒரு வருஷம்.

எங்கே புகார் கொடுப்பது என்பதிலேயே ஒரு வாரம் போய்விடும். சாதாரணக் கடை, சிறு கம்பெனி என்றால் மாநிலத் தொழிலாளர் துறை. வங்கி, ரயில்வே, ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளை உள்ள நிறுவனம் என்றால் மத்தியத் தொழிலாளர் ஆணையர், நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன். பெரிய செக்யூரிட்டி கம்பெனிகளுக்கு பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் கிளை இருக்கும். தலைமை அலுவலக முகவரியையும் கிளைகளையும் லெட்டர்பேடில் பார்த்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் மனுவை மூன்று வாரம் வைத்திருந்து "இது எங்க எல்லைக்குள்ள வராது" என்று திருப்புவார்கள்.

14 வருஷம் வேலை செய்ததற்கு என்ன ஆதாரம்? ஐயாவிடம் ஓர் அடையாள அட்டைகூட இல்லை. கடைசியில் உதவியது ஈஎஸ்ஐ எண். கான்ட்ராக்டர் மாறினாலும் அந்த எண் மாறாது. எந்த மாதம் யார் பணம் கட்டினார் என்று வரிசையாக அதில் இருந்தது.

ஈஎஸ்ஐ பற்றி இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஐந்து வருஷம் காப்பீட்டில் இருந்து வயது மூப்பால் ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டி, தனக்கும் மனைவிக்கும் அல்லது கணவருக்கும் மருத்துவம் தொடரலாம். அயனாவரம், கே.கே.நகர் மருத்துவமனைகளில் பார்த்துக்கொள்ளலாம். பொறி எங்கே? கான்ட்ராக்டர் "வேலையை விட்டுச் சென்றார்" என்று எழுதிவிடுவார். "ஓய்வு பெற்றார்" என்று கடிதம் வேண்டும். கடைசி நாளன்றே கேட்டு வாங்குங்கள், அதற்குப் பிறகு போனை எடுக்க மாட்டார்கள்.

பிஎஃப்பே இல்லாத வேலை என்றால்? வீட்டு வேலை செய்யும் அக்கா, கொத்தனார், தையல்காரர், ஆட்டோ ஓட்டுநர்: இவர்களுக்கு, பதிவு செய்துகொண்டால் 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் தரும் அரசு நலவாரியம். 60 வயது முடிந்தால் பதிவே கிடையாது, அவ்வளவுதான். பதிவு செய்திருந்தாலும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பெயர் நின்றுவிடும். புதுப்பிக்கச் சொல்லி யாரும் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டார்கள். நலவாரியத்துக்குப் போக வேண்டியது தொழிலாளர் உதவி ஆணையர் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகம். முதியோர் உதவித்தொகைக்குத் தாலுகா அலுவலகத்தில் தனி வட்டாட்சியர், அவரும் சமூகப் பாதுகாப்புத் திட்டம்தான்! பெயர் ஒன்றாக இருப்பதால் எத்தனை அம்மாக்கள் இங்கும் அங்கும் அலைந்திருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை. முதியோர் உதவித்தொகையை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். வாரிய ஓய்வூதியம், இது, இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

பிரவுசிங் சென்டரில் "ஈ-ஷ்ரம் கார்டு போட்டா மாசம் 3,000 பென்ஷன்" என்று 200 ரூபாய் வாங்குகிறார்கள். ஈ-ஷ்ரம் என்பது அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான வெறும் பதிவு, பதிவுக்குக் கட்டணமும் இல்லை. 3,000 ரூபாய்த் திட்டம் வேறு, அதில் சேர 40 வயதுக்குள் இருக்க வேண்டும். அடல் பென்ஷன் என்னும் மத்திய அரசுத் திட்டமும் அப்படியே. முதுமைக்கான திட்டத்தில் 41 வயதுக்காரருக்கு இடமில்லை என்று யார் முடிவு செய்தார்களோ.

தி.நகர் துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் அக்காக்களுக்கு ஒரு வார்த்தை. 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியாயிற்று. இருக்கை ஸ்டாக் ரூமில் இருந்தால் போதாது. தொழிலாளர் உதவி ஆய்வாளருக்குப் பெயர் போடாமலும் எழுதலாம்.

ஐயாவின் கிராஜுவிட்டி மனு சாஸ்திரி பவனில் இருக்கிறது. இரண்டு வாய்தா ஆயிற்று, கான்ட்ராக்டர் தரப்பில் யாரும் வரவில்லை. முதல் முறை போனபோது பழைய சம்பளச் சீட்டுகளின் ஒரிஜினலையே கொடுத்துவிட்டு வந்துவிட்டார், திருப்பி வாங்க இரண்டு நாள் ஆனது. நீங்கள் நகலைக் கொடுங்கள். இன்னொரு நகலில் தேதியோடு சீல் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.