காபெற் றோட்டும் கண்ணில் படாத தூசும்

கிளிநொச்சி வாசகர் ஒருவரின் கேள்வி: “எங்கட வீதி கிறவலாக இருந்தபோது உடுப்பெல்லாம் செம்புழுதி. இப்ப தார்க் காபெற் போட்டாச்சு, ஊரிலும் காசு புழங்குது. பிறகேன் பிள்ளைக்கு இழுப்புக் கூடுது?”

பிள்ளையை வைத்தியர்தான் பார்க்க வேண்டும். ஆனால் கேள்விக்குள் அருமையான சங்கதி ஒன்று இருக்கிறது. ஊருக்கு வசதி வந்தால் தூசு ஒழிவதில்லை, சிறுத்துப் போகிறது.

கிறவல் புழுதியில் பெரும்பகுதி 10 மைக்ரோமீற்றருக்கு (மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்கு) மேற்பட்ட துணிக்கை. மூக்குக்குள் புகுந்த காற்று சடாரென்று தொண்டைப் பக்கம் திரும்புகிறது. நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் வேகமாக வந்தால் வளைவில் திரும்பாமல் வேலிக்குள் போகுமே, அப்படி இந்தத் துணிக்கையும் சடத்துவத்தால் நேரே போய்ச் சளியில் ஒட்டிவிடும். மூக்குச் சிந்தினால் லேஞ்சியில் செம்மண் தெரிவது, உடம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்ததற்கு அடையாளம்.

காபெற்றோடும் காசோடும் வாகனம் கூடும். அது கக்கும் டீசல் புகைக்கரியின் கதை வேறு. பெரும்பாலும் அரை மைக்ரோமீற்றருக்கும் குறைவு. தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்கு. பாரமில்லாததால் எந்த வளைவிலும் காற்றோடு சேர்ந்தே திரும்பும். இன்னும் சிறிதாக, ஓரிரு நனோமீற்றர் (மைக்ரோமீற்றரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு) அளவில் இருந்தால், காற்று மூலக்கூறுகள் இடித்து அலைக்கழிக்க, வழியிலேயே சுவரில் முட்டி ஒட்டிவிடும். கிறவல் புழுதிக்கும் இந்த நனோத் துணிக்கைக்கும் நடுவில் இருக்கிற புகைக்கரித் துணிக்கைகள்தான் கள்ளர். நேரே மோதப் பாரம் போதாது, அலைக்கழியப் பாரம் கூட. ஆகவே நுரையீரலின் அடியிலுள்ள சிற்றறை வரை போகும். பெரும்பங்கு அடுத்த மூச்சோடு வெளியேறிவிடும். தங்குவது மாதக்கணக்கில் தங்கும். மூச்சுக்குழாயில் தூசைக் கூட்டித் தள்ளுகிற நுண்மயிர்ப் பிசிர் அங்கே இல்லை.

ஏ9 வீதியில் வாகனங்கள் நிறுத்திக் கும்பிடுகிற முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் நின்று பாருங்கள். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி முடியுமட்டும் சில பஸ்களின் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். புது வாகனத்தின் சில்லுக்குக் கீழே தேசிக்காய் நசித்து, கண்ணூறு படாமல் மிளகாயும் கட்டுகிறோம். புகைக்குழாயைக் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்? பிள்ளையாரோடு எனக்குக் கோபமில்லை, சாரதியோடுதான்.

வருமானம் கூடக் கூட மாசு முதலில் ஏறி, பிறகு இறங்கும் என்று 1991இல் குறோஸ்மன், குறூகர் என்ற இரு பொருளியலாளர்கள் காட்டினார்கள். கந்தகவீரொட்சைட்டு, புகை இரண்டும் அப்படி நடந்தன. திருப்பம் 1985ஆம் ஆண்டு விலையில் ஆளுக்கு ஆண்டுக்கு 4,000 – 5,000 டொலர் வருமான அளவில். “அப்ப காசு வரட்டும், காற்று தானாகச் சரியாகும்” என்று சிலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் 1952 டிசம்பரில் இலண்டன் ஏழை நகரமல்ல. ஐந்து நாள் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்து, 1956இல் சட்டம் வந்த பிறகுதான் அங்கே நிலக்கரிப் புகைக்குக் கடிவாளம் விழுந்தது.

இலங்கையில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்தது. புது வண்டி பழையதைவிடக் குறைவாகப் புகைக்கும். ஆனால் வன்னியில் புதியது வந்தாலும் பழையது வீட்டைவிட்டுப் போவதில்லை, மகனுக்கோ மருமகனுக்கோ கைமாறும். 2.5 மைக்ரோமீற்றருக்கு மேற்படாத நுண்தூசுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த ஆண்டுச் சராசரி எல்லை, கனமீற்றருக்கு 5 மைக்ரோகிராம். அதை நாங்கள் எத்தனை மடங்கு தாண்டுகிறோம் என்பதை மூக்கால் அறிய முடியாது. வீதிக்குக் காபெற் போடக் கோடிக்கணக்கில் கொட்டுகிறவர்கள், ஏ9 ஓரத்து ஒவ்வொரு பஸ் நிலையத்திலும் ஓர் அளவுகருவி வைத்து, எண்ணைச் சனம் பார்க்கிற பலகையில் போடட்டும்.